சொட்டு போட்டும் பேதி வந்ததே, டாக்டர் அம்மா?

வாசகர் கேள்விகளுக்குக் குழந்தை நல மருத்துவரின் பதில்கள்

குழந்தைகளுக்குக் கடுமையான வாந்தியும் பேதியும் கொடுக்கும் கிருமி ரோட்டா வைரஸ். சென்ற மாதம் அதைத் தடுக்கும் சொட்டு மருந்தைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் குவிந்துவிட்டன. சளி, தூக்கமின்மை, திட உணவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மூத்த மகனுக்கு ஆறாவது, பத்தாவது, பதினாலாவது வாரங்களில் தவறாமல் ரோட்டா சொட்டு போட்டோம். ஒன்பதாவது மாதத்தில் வாந்தியும் பேதியும் வந்து இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மலத்தைப் பரிசோதித்துவிட்டு ரோட்டாதான் என்றார்கள். இப்போது இரண்டாவது குழந்தைக்கு நாற்பது நாள். "போட்டும்தானே வந்தது, இவளுக்கு வேண்டாம்" என்கிறார் என் மாமியார். "அந்த மருந்து ஐம்பது சதவீதம்தான் வேலை செய்யுமாம்" என்று என் கணவரும் எதையோ படித்துவிட்டுச் சொல்கிறார். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: போடுங்கள் அம்மா. நாற்பத்திரண்டு நாள் முடிந்ததும் வருகிற முதல் புதன்கிழமை, அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள். காரணத்தை அப்புறம் நிதானமாகப் படிக்கலாம்.

உங்கள் கணவர் படித்ததில் பொய் ஒன்றும் இல்லை. ஐதராபாத்தில் தயாராகும் ரோட்டாவாக் மருந்தை டெல்லி, புனே, உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிற வேலூர் ஆகிய மூன்று இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதித்தார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. முதல் வயதில் வருகிற கடுமையான ரோட்டா பேதியை அது 56 சதவீதம் குறைத்தது. அதாவது, சொட்டே இல்லாத காலத்தில் நூறு குழந்தைகள் ரோட்டாவால் துவண்டு போகிற ஓர் ஊரில், எல்லோருக்கும் சொட்டு போட்டால் நாற்பத்து நாலு பேர் துவளுவார்கள். உங்கள் மகன் அந்த நாற்பத்து நாலில் ஒருவன். தப்பித்த ஐம்பத்தாறு பேர் யார் யார் என்று அவர்களைப் பெற்றவர்களுக்கே தெரியாது. வந்த பேதி கண்ணுக்குத் தெரிகிறது, வராத பேதி தெரிவதில்லை. உங்கள் மாமியார் கண்ணால் பார்த்ததை வைத்துப் பேசுகிறார், அவர் மேல் தப்பில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மாவட்ட மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1991-இல். மார்கழி பிறந்தால் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகள் படுத்திருக்கும். முதலில் வாந்தி, கூடவே காய்ச்சல், மறுநாள் தண்ணீர் தண்ணீராகப் பேதி. அந்தப் பேதிக்குப் புளித்த மோர் போல ஒரு வாடை உண்டு. வார்டுக்குள் காலை வைக்கும்போதே நர்ஸம்மாக்கள் சொல்லிவிடுவார்கள்.

ஒரு தை மாதத்து இரவில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார்கள். மூன்று நாளாகப் பேதி. முதல் இரண்டு நாள் "பல்லு முளைக்குது" என்று விட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் தொக்கம் எடுக்கத் தூக்கிப் போயிருக்கிறார்கள். உச்சிக்குழி உள்ளே அமுங்கிக் கிடந்தது. குழந்தை அழுதது, கண்ணீர் வரவில்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. கையில் நரம்பு கிடைக்கவில்லை, காலிலும் இல்லை. தலையில் ஒரு பக்கம் முடியை மழித்துத் தேடினோம், அங்கேயும் அகப்படவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள்ளேயே ஊசியை இறக்கி ட்ரிப்ஸ் ஏற்றினோம். விடிகிற நேரத்தில் அவள் மூத்திரம் போனாள். ஈரமான அந்தத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளுடைய அப்பா எங்கள் ஒவ்வொருவரிடமும் காட்டினார். அவள் பிழைத்துக்கொண்டாள். அதே வாரம், அதே வார்டில், மூன்று குழந்தைகள் பிழைக்கவில்லை.

சொட்டு வருவதற்கு முந்தைய இந்தியாவில் ஆண்டுக்கு சுமார் 78,000 குழந்தைகள் ரோட்டாவால் இறந்ததாகவும், 8 லட்சத்து 70 ஆயிரம் பேர் மருத்துவமனையில் சேர்ந்ததாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இத்தனை பெரிய தொகையில் பாதி என்றால் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

இதை மலாவியை வைத்துச் சொன்னால் இன்னும் நன்றாக விளங்கும். ஆப்பிரிக்காவில் மிக ஏழ்மையான நாடுகளில் அதுவும் ஒன்று. அங்கேயும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரே மருந்தை, ஒரே முறையில் சோதித்து 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் 77 சதவீதம் பலன். மலாவியில் 49 சதவீதம்தான். இதைப் பார்த்தால் யாருமே, மலாவிக்கு இந்த மருந்து சரிப்படாது என்றுதான் நினைப்பார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு கணக்கு இருக்கிறது. ஓராண்டில் நூறு குழந்தைகளுக்குச் சொட்டு போட்டால் எத்தனை கடுமையான பேதி தடுக்கப்படுகிறது என்று எண்ணியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நாலு. மலாவியில் கிட்டத்தட்ட ஏழு!

எப்படி? மலாவியில் நோய் அவ்வளவு அதிகம். சதவீதம் குறைவாக இருந்தும் காப்பாற்றப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை அங்கேதான் கூடுதல். 2012 அக்டோபரில் மலாவி அரசு எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சொட்டைக் கொடுக்கத் தொடங்கியது. பிறகு கிராமம் கிராமமாகப் பிறப்பையும் இறப்பையும் கணக்கெடுத்தார்கள். கைக்குழந்தைகள் பேதியால் இறப்பது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எல்லாப் பேதியும் ரோட்டா அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். "ஐம்பது சதவீத மருந்து" என்று நாம் இளக்காரமாகச் சொல்வது அங்கே செய்த வேலை இது.

சரி, ஏழை ஊர்களில் ஏன் பலன் குறைகிறது? காரணம் ஒன்றல்ல. தாயிடமிருந்து ரத்தத்தில் வரும் எதிர்ப்பாற்றல், சொட்டில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸையே அடக்கிவிடுகிறது. குழந்தையின் குடலில் ஏற்கெனவே வேறு கிருமிகள் குடியிருக்கின்றன. ஊட்டம் போதாத குடல் சுவரும் சரியாகப் பாடம் கற்பதில்லை. உங்கள் வேலூரிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. அங்கே குடிசைப் பகுதிகளில் பிறந்த 373 குழந்தைகளைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் குழுவினர் மூன்று வயது வரை விடாமல் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். டாக்டர் ககன்தீப் காங் பல ஆண்டுகள் முன்நின்று செய்த வேலை இது. இதற்கு முன் மெக்சிகோவில் இதே மாதிரி பார்த்தபோது, இயற்கையாக இரண்டு முறை ரோட்டா வந்துபோன குழந்தைக்கு மறுபடி கடுமையாக வரவே இல்லை. வேலூரில் மூன்று முறை வந்துபோன பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். நோயே வந்து கற்றுக்கொடுத்தும் இவ்வளவுதான் என்றால், சொட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

உங்கள் மகனுக்குச் சொட்டு உதவியதா என்று அவன் ஒருவனை வைத்து யாராலும் சொல்ல முடியாது. இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதில் எனக்கு நிம்மதி. தங்கைக்கு அண்ணனைவிட நல்ல வாய்ப்பு கிடைக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டில் வடிகட்டிய தண்ணீர்தான், அதையும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம். பாட்டிலைத் தினமும் வெந்நீரில் போடுகிறோம். எங்கள் குழந்தைக்கும் இது அவசியமா?
— ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: அவசியம். சுத்தம் காலராவைத் தடுக்கும், டைபாய்டைத் தடுக்கும். ரோட்டா அதற்குப் பணியாது. நோயுற்ற குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் ஆயிரம் கோடிக்கு மேல் வைரஸ் இருக்கும். இன்னொரு குழந்தைக்குத் தொற்ற நூறுகூட வேண்டாம். பொம்மையில், கதவுப் பிடியில், உங்கள் கைக்குட்டையில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் குறையில்லாத அமெரிக்காவிலேயே, தடுப்பு மருந்து வருவதற்கு முன் ஐந்து வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ரோட்டா வந்தது. ஆண்டுக்கு 55,000 முதல் 70,000 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கே இறந்தவர்கள் ஆண்டுக்கு 20 முதல் 60 பேர்தான். ராத்திரி இரண்டு மணிக்கும் ட்ரிப்ஸ் போட ஆள் இருந்தது, அதுதான் வித்தியாசம். கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள், மற்ற பேதிகளுக்கு அது வேண்டும்.

கேள்வி: தனியார் மருத்துவமனையில் "வெளிநாட்டு மருந்து, ரொம்ப நல்லது" என்கிறார்கள், ஆயிரக்கணக்கில் ஆகிறது. அரசு மையத்தில் இலவசம். இலவசமாகக் கொடுப்பது மட்டமாகத்தான் இருக்கும் என்று என் அண்ணி சொல்கிறார். கடன் வாங்கியாவது வெளியே போட வேண்டுமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கடன் வாங்காதீர்கள். வெளிநாட்டு மருந்துகளும் நல்ல மருந்துகள்தான், மறுக்கவில்லை. ஐரோப்பாவில் தொண்ணூறுக்கு மேல் பலன் கொடுத்த மருந்தைக் கானா, கென்யா, மாலி ஆகிய நாடுகளில் கொடுத்தபோது இரண்டு ஆண்டுக் கணக்கில் 39 சதவீதம்தான் வந்தது. வங்கதேசத்திலும் வியட்நாமிலும் 48. நம் மருந்தான ரோட்டாவாக் நம் ஊரில் கொடுத்த பலனும் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறது. ஊருக்கு ஊர் பலன் மாறுகிறது, சீட்டில் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயரால் அல்ல.

இந்த மருந்து பிறந்த கதையையும் உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள். 1980-களின் நடுவில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் சில பச்சிளம் குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது, ஆனால் பேதி இல்லை. டாக்டர் எம்.கே. பான் குழுவினர் அதைக் கவனித்தார்கள். அந்தக் குழந்தைகள் பிறகு கடுமையான ரோட்டாவிலிருந்து தப்பினார்கள். அவர்களிடமிருந்து எடுத்த வைரஸ்தான் 116ஈ. அதை மருந்தாக்கி, சோதித்து, கையில் கொடுக்க ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. விலையை ஒரு டோஸ் ஒரு டாலர் என்று வைத்தார்கள். 2016-இல் ஒடிசா, ஆந்திரம், அரியானா, இமாச்சலம் ஆகிய நான்கு மாநிலங்களிலும், 2017-இல் தமிழ்நாட்டிலும், 2019-க்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. புனேயில் தயாராகும் ரோட்டாசில் என்ற இன்னொரு மருந்தை சகாராவை ஒட்டிய நைஜரில் சோதித்தார்கள், அங்கே 67 சதவீதம் பலன். இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. விலை குறைவாக இருந்ததால்தான் கூலிக்காரர் வீட்டுக் குழந்தைக்கும் கிடைத்தது. அதை மட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

ஒரு மருந்தில் தொடங்கினால் முடிந்தவரை அதிலேயே முடியுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சொட்டு போட்டபின் அரை மணி நேரம் தாய்ப்பால் கொடுக்கக் கூடாதாமே?
— ஒரு பாட்டி, மன்னார்குடி

பதில்: கொடுக்கலாம் பாட்டி, தாராளமாக. தாய்ப்பாலை நிறுத்தி வைத்தால் பலன் கூடுமா என்று டெல்லியிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதித்தே பார்த்துவிட்டார்கள், கூடவில்லை. அழுகிற பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

கேள்வி: ரோட்டா சொட்டால் குடல் சிக்கிக்கொள்ளும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. அமெரிக்காவிலேயே தடை செய்துவிட்டார்கள் என்றும் இருக்கிறது. உண்மையா?
— ஒரு வாசகர், தேனி

பதில்: பழைய உண்மை ஒன்றை எடுத்துப் புதிய பயத்தைக் கிளப்புகிறார்கள். 1998-இல் அமெரிக்காவில் ரோட்டாஷீல்டு என்ற முதல் மருந்து வந்தது. குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் சொருகிக்கொள்ளும் நோய், சுமார் பத்தாயிரம் குழந்தைகளில் ஒருவருக்கு, அந்த மருந்தால் வந்தது. 1999-இல் அதை எடுத்துவிட்டார்கள். அவர்கள் நாட்டுக்கு அது சரியான முடிவுதான். அங்கே ரோட்டாவால் இறப்பவர்கள் மிகச் சிலர்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இத்தனை ஆண்டுகளாக என் மனதில் அறுத்துக்கொண்டிருப்பது அது. 2000-ஆம் ஆண்டில் உலகில் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ரோட்டாவால் இறந்தார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் நம் பக்கத்திலும். அமெரிக்காவில் ஆபத்து என்று எடுத்த மருந்தை இங்கே கொடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை. அடுத்த மருந்துகளை ஒவ்வொன்றும் 60,000-க்கு மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்துக் கொண்டுவர 2006 ஆயிற்று. ஏழை நாடுகள் உட்பட எல்லோரும் கொடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2009-இல். அந்தப் பத்து ஆண்டுகளும் நான் வார்டில்தான் இருந்தேன்.

இப்போதுள்ள மருந்துகளைப் பற்றி: பணக்கார நாடுகளில் ஒரு லட்சம் குழந்தைகளில் ஒருவர் முதல் ஆறு பேர் வரை குடல் சொருகல் கூடுதலாக வரலாம் என்று கண்டிருக்கிறார்கள். இந்தியாவில் பல மாநிலங்களின் மருத்துவமனைகளில் தேடிப் பார்த்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், சொட்டு போட்ட குழந்தைகளிடம் அது கூடியதாகத் தெரியவில்லை. இந்த நோய் சொட்டு போடாத குழந்தைக்கும் வருவதுதான். அதனால் அடையாளத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளும், பச்சையாக வாந்தி எடுக்கும், சிவப்பு ஜெல்லி போல மலம் போகும். பார்த்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். எங்கள் பகுதிச் செங்கல் சூளையில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. ஏழு மாதக் குழந்தை ஒன்றுக்கு ஊரில் ஒரே ஒரு ரோட்டா சொட்டு போட்டதாக அட்டையில் இருக்கிறது. இன்னொரு குழந்தைக்குப் பத்து மாதம், ஒன்றுமே போடவில்லை. காலம் கடந்துவிட்டதா? "போலியோ சொட்டுதான் போட்டாச்சே" என்று அந்த அம்மாக்கள் சொல்கிறார்கள். அவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது, மேடம்?
— ஒரு செவிலியர், திருவள்ளூர் மாவட்டம்

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சூளைக்குப் போய் அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறீர்களே, அதற்கே உங்களைக் கும்பிட வேண்டும்.

ஏழு மாதக் குழந்தைக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து இரண்டாவது டோஸ், நாலு வாரம் கழித்து மூன்றாவது. பத்து மாதக் குழந்தைக்கும் காலம் கடக்கவில்லை. நம் அரசுத் திட்டத்தில் முதல் பிறந்தநாளுக்குள் முதல் டோஸ் போட்டுவிட்டால் போதும், மீதி இரண்டையும் நாலு வார இடைவெளியில் முடித்துவிடலாம். ஆனால் சூளை வேலை எப்போது முடியும், அந்தக் குடும்பம் எப்போது ரயில் ஏறும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் அடுத்த தேதியை எண்ணில் பெரிதாக எழுதிக் கொடுங்கள், ஒடிசாவில் இருக்கும் செவிலியருக்கும் அது புரியும்.

போலியோ குழப்பம் இங்கேயும் உண்டு. இரண்டும் வாயில் போடும் சொட்டு, இரண்டும் ஒரே நாளில். நான் வார்டில் இப்படித்தான் சொல்வேன்: "அது காலுக்கு, இது வயித்துக்கு." மொழி தெரியாவிட்டாலும் காலையும் வயிற்றையும் தொட்டுக் காட்டினால் போதும்.

அப்புறம், போகும்போது ஓஆர்எஸ் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கையில் இருக்கட்டும். சொட்டு போட்ட குழந்தைக்கும் பேதி வரும், அன்றைக்கு உயிரைப் பிடித்து வைப்பது இந்தப் பொட்டலம்தான். 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் ட்ரிப்ஸ் தீர்ந்துபோனபோது டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தே ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். அதே வழியில் வந்த கரைசல்தான் இது.

கரைப்பதை வாயால் சொல்லாதீர்கள், அவர்கள் பாத்திரத்திலேயே செய்து காட்டுங்கள். ஒரு தாய் பெரிய பொட்டலத்தில் கொஞ்சம் கிள்ளி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, மீதியைச் சுருட்டித் தூளியின் கயிற்றில் சொருகி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்னொருத்தி முழுப் பொட்டலத்தையும் ஒரே டம்ளரில் கொட்டிவிட்டாள். உப்பு கூடிப்போய் அந்தக் குழந்தைக்கு வலிப்பு வந்தது. பெரிய பொட்டலம் என்றால் முழு லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் எந்தச் சூளையிலும் கிடக்கும். அதைக் கழுவி நிரப்பி, பொட்டலம் முழுவதையும் போட்டுக் குலுக்கிக் காட்டுங்கள். கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி கொடுக்க வேண்டும். மீந்தால் மறுநாள் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். துத்தநாகம் ஆறு மாதத்துக்கு மேல் தினமும் 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, பேதி நின்றாலும் பதினாலு நாள் முழுவதும். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

மூன்றாவது டோஸ் முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.